கார்பன் எல்லை வரி: ஜெனீவாவில் வழக்கா, பேச்சுவார்த்தையா, நமக்கென ஒரு விலையா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2026 ஜனவரி 1 முதல் கார்பன் விலை உண்டு. ஒரு பொருளைச் செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியானதோ, அதற்கேற்ப இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்கி ஒப்படைக்க வேண்டும். சான்றிதழின் விலை, ஐரோப்பிய ஆலைகள் கரியமில வாயு வெளியிட உரிமை வாங்கும் உமிழ்வுச் சந்தையில் என்ன விலை போகிறதோ அதுதான். இதைத்தான் கார்பன் எல்லை வரி என்கிறார்கள். சட்டம் 2023 மே மாதம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து 2025 முடியும் வரை வெறும் கணக்கு மட்டும் கேட்டார்கள். இப்போது கணக்கோடு பணமும்.

இந்தியாவுக்கு இது முதன்மையாக எஃகுப் பிரச்சினை, அடுத்து அலுமினியம். எஃகு அமைச்சகம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இங்கே ஒரு டன் கச்சா எஃகு செய்ய 2.54 டன் கரியமில வாயு வெளியாகிறது. உலகச் சராசரி 1.91 டன். காரணம் தெரிந்ததுதான்: நம் உலைகள் நிலக்கரியில் ஓடுகின்றன, பழைய இரும்பை உருக்கிச் செய்யும் பங்கு குறைவு. ஐரோப்பிய ஆலைகளுக்கு இதுவரை கிடைத்துவந்த இலவச உமிழ்வு உரிமைகள் 2034 வரை படிப்படியாகக் குறையும், அதனால் வரியும் படிப்படியாகத்தான் ஏறும் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்று ஐரோப்பா ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. படிப்படியான சலுகை அந்த அளவுகோல் வரைக்கும்தான். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் முதல் ஆண்டிலிருந்தே முழு விலை. அதிகம் உமிழும் ஆலைக்கு அடி உடனே விழும்.

இதை எதிர்கொள்ள டெல்லியின் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாம். ஐரோப்பாவோடு நேரடியாகப் பேசலாம். மற்ற நாடுகளைச் சேர்த்துக்கொண்டு ஒத்துழைக்க மறுக்கலாம். காலநிலை மாநாடுகளிலும் சர்வதேச நீதிமன்றத்திலும் முறையிடலாம். அல்லது கார்பனுக்கு நாமே ஒரு விலை வைத்து, ஐரோப்பா வசூலிக்கும் பணத்தை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் குறையில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. இந்த வரி பாரபட்சமாக விதிக்கப்படுகிறதா என்பது ஒன்று. இருநூறு ஆண்டுகள் நிலக்கரி எரித்து வளர்ந்தவர்கள், இப்போதுதான் வளரத் தொடங்கியவர்களிடம் அதே விலையைக் கேட்கலாமா என்பது இன்னொன்று. வர்த்தகச் சட்டத்துக்கு முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியும். இரண்டாவதைத் தீர்க்க அதனிடம் கருவி இல்லை. இதைக் கலந்து பேசுவதால்தான் "ஜெனீவாவுக்குப் போவோம், நியாயம் கிடைக்கும்" என்ற நம்பிக்கை அளவுக்கு மீறி வளர்கிறது.

முதலில் வழக்கு. சட்டப்படி நம் பக்கம் வலுவான வாதங்கள் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் அடிப்படைச் சரக்கு வர்த்தக விதிகளான காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, எல்லா உறுப்பு நாடுகளின் ஒரே மாதிரிப் பொருளையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்கிறது. ஆனால் இந்த வரியில் நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. மூன்றாம் பிரிவு, வெளிநாட்டுப் பொருளை உள்நாட்டுப் பொருளைவிட மோசமாக நடத்தக் கூடாது என்கிறது. இலவச உரிமைகள் முழுதாக ஒழியும் வரை அங்கேயும் கேள்வி எழுப்ப இடம் இருக்கிறது. ஐரோப்பாவின் கேடயம் இருபதாம் பிரிவு. தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காக்கும் நடவடிக்கைக்கு அது விலக்குத் தருகிறது. தூய காற்றும் அப்படி ஒரு வளம்தான் என்று 1996இல் அமெரிக்க பெட்ரோல் வழக்கிலேயே சொல்லியாயிற்று. ஆனால் அந்த விலக்கு வேண்டுமென்றால், நடவடிக்கை தன்னிச்சையாகவும் நியாயமற்ற பாரபட்சத்தோடும் செயல்படக் கூடாது. உண்மையான சண்டை நடக்கும் இடம் இதுதான்.

இந்த இடத்தில் இந்தியா ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்திருக்கிறது. கடல் ஆமைகள் சிக்காமல் தப்பிக்கும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளிலிருந்து இறால் வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து வழக்குப் போட்டன. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நிறைவேற்றிய விதம் தவறு என்றது. கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம், நமக்கு நான்கு மாதம். அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், நம்மோடு பேசவில்லை.

சரி, அதற்குப் பிறகு என்ன ஆனது? அமெரிக்கா விதிகளைத் திருத்தியது. மலேசியா மறுபடியும் எதிர்த்தது. 2001இல் அமெரிக்கா செய்த திருத்தம் போதும் என்று தீர்ப்பாகிவிட்டது. தடை போகவில்லை, செம்மையாகி நிலைத்தது. 2019 முதல் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, அதே கருவியைக் காரணம் காட்டி. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டு விசைப்படகுக்காரர்களுக்கும் இந்தத் தடை பொருந்தும். 1998இல் நாம் ஜெயித்த வழக்கின் நடைமுறைப் பலன் இவ்வளவுதான்.

பாமாயில் வழக்கும் இதையே சொல்கிறது. பாமாயிலிலிருந்து செய்யும் எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்கும் ஐரோப்பிய விதியை எதிர்த்து மலேசியா 2021 ஜனவரியில் வழக்குப் போட்டது. தீர்ப்பு 2024 மார்ச்சில் வந்தது. காடழிப்பால் வரும் உமிழ்வைக் குறைக்கும் நோக்கத்தை நடுவர் குழு ஏற்றுக்கொண்டது. விதியைத் தயாரித்த, நடைமுறைப்படுத்திய விதத்தில் குறைகள் கண்டது. இந்தோனேசியா 2019 டிசம்பரில் தொடங்கிய அதே மாதிரி வழக்கின் தீர்ப்பு 2025 ஜனவரியில்தான் வந்தது. மூன்று ஆண்டுகளும் ஐந்து ஆண்டுகளும் காத்திருந்து, கிடைத்தது விதியைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு.

காத்திருக்கும் ஆண்டுகளுக்கு ஒரு விலை உண்டு. உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு முன்னோக்கியே செல்லும். தோற்ற நாடு இனிமேல் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே கட்டிய பணம் திரும்பி வராது. வழக்கு 2030இல் முடிந்தால், 2026 முதல் ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போனது போனதுதான்.

அப்புறம் மேல்முறையீடு. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது; புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவிட்டது. தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு காகிதம் கொடுத்தால் போதும், தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும். இதில் நமக்கு நேரடி அனுபவம் உண்டு. தேசிய சூரியசக்தித் திட்டத்தில் உள்நாட்டுத் தகடுகளைத்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அமெரிக்கா போட்ட வழக்கில் 2016இல் அடிபட்டது. பதிலுக்கு, அமெரிக்க மாநிலங்கள் தங்கள் உள்ளூர்த் தயாரிப்புக்குத் தரும் சலுகைகளை எதிர்த்து இந்தியா வழக்குப் போட்டு 2019 ஜூனில் ஜெயித்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது, வழக்கு அங்கேயே நின்றது; கடைசியில் 2023இல் இரு நாடுகளும் சமரசம் பேசி அதை முடித்துக்கொண்டன. நியாயமாகச் சொன்னால், சர்க்கரை மானிய வழக்கில் தோற்றபோது 2022இல் இந்தியாவும் இதே கதவைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ஐரோப்பாவும் சீனாவும் பிரேசிலும் சேர்ந்து வைத்திருக்கும் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டில் இந்தியா சேரவில்லை. வழக்கைத்தான் முதன்மை ஆயுதமாக்கப் போகிறோம் என்றால் முதலில் இதை மாற்ற வேண்டும். ஆனால் அதில் சேர்ந்தால் நம்மேல் வரும் தீர்ப்புகளிலிருந்தும் தப்பிக்க முடியாது. அதற்கு டெல்லி தயாராக இருப்பதாகத் தெரியவில்லை.

ரஷ்யா 2025 மே மாதம் இந்த வரியை எதிர்த்து முறைப்படி வழக்கைத் தொடங்கியிருக்கிறது. நடுவர் குழு அமைந்தால், மூன்றாம் தரப்பாகச் சேர்ந்து நம் வாதத்தைப் பதிவு செய்யலாம். செலவு குறைவு. ஆனால் அந்த வழக்கில் போரும் தடைகளும் கலந்திருக்கின்றன. நம் வாதத்துக்கு அது நல்ல மேடை இல்லை.

ஒத்துழைக்க மறுக்கும் வழியைப் பற்றிச் சுருக்கமாக. விமானங்களின் உமிழ்வுக்கு 2012இல் ஐரோப்பா கட்டணம் விதித்தபோது இந்தியாவும் சீனாவும் தங்கள் நிறுவனங்களைக் கணக்குக் கொடுக்க விடவில்லை. ரஷ்யாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. மாஸ்கோவில் கூடி கூட்டறிக்கை விட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பா வெளிநாட்டுப் பயணங்களை விட்டுவிட்டது. விவகாரம் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்புக்குப் போய், 2016இல் உலகம் தழுவிய ஈடுசெய் திட்டமாக முடிந்தது. இதை எடுத்துக்காட்டி "அதேபோல் செய்வோம்" என்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அன்று கட்ட வேண்டியது ஏர் இந்தியா. கட்டாதே என்று இந்தியா சொல்ல முடிந்தது. இன்று கட்ட வேண்டியது ஜெர்மனியிலோ இத்தாலியிலோ உள்ள இறக்குமதியாளர். தன் நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படியும் அவரை நாம் தடுக்க முடியாது. நம் ஆலை கணக்குக் கொடுக்க மறுத்தால், ஐரோப்பா நிர்ணயித்த பொதுமதிப்பில், கூடுதல் சேர்த்துக் கணக்கிடுவார்கள். நஷ்டம் நமக்கே.

கூட்டணியும் அன்று போல் இல்லை. சீனா தன் உமிழ்வுச் சந்தையில் 2025இல் எஃகு, சிமென்ட், அலுமினியத்தைச் சேர்த்துவிட்டது. பிரேசில் 2024 டிசம்பரில் தனக்கென உமிழ்வுச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் 2027 ஜனவரியில் இதே மாதிரி எல்லை வரியைத் தொடங்கவிருக்கிறது. எல்லோரும் ஐரோப்பாவைக் கண்டித்துக்கொண்டே தங்கள் வீட்டில் விலை வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வியை, அதாவது யார் எவ்வளவு சுமப்பது என்பதை, எழுப்ப வேண்டிய சரியான இடம் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை. அதன் 3.5ஆம் பிரிவு, ஒருதலைப்பட்ச நடவடிக்கைகள் வர்த்தகத்தில் மறைமுகத் தடையாகக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வளர்ந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் வேறுபட்ட பொறுப்பு என்பதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த மாநாட்டில், வர்த்தக நடவடிக்கைகள் பற்றி மூன்று ஆண்டுகளுக்குத் தொடர் கலந்துரையாடல் நடத்த ஒப்புக்கொண்டார்கள். இந்தியா போன்ற நாடுகள் பல மாநாடுகளாகக் கேட்டு வந்ததில் ஒரு பகுதி இது. ஆனால் கலந்துரையாடலுக்கு யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று தந்த ஆலோசனைக் கருத்து, காலநிலையைக் காக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டு என்று உறுதியாகச் சொன்னது. பசிபிக் கடலில் உள்ள வானுவாட்டு போன்ற தீவு நாடுகளுக்கு அது பெரிய வெற்றி. எல்லை வரிக்கு அது நேரடி மருந்து அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடு இல்லை என்பதால் அதை அங்கே எதிர்மனுதாரராக நிறுத்தவும் முடியாது. தவிர, அந்தக் கருத்தின்படி கடமை நமக்கும் உண்டு.

நேரடிப் பேச்சு என்ன தந்தது என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. 2022 ஜூனில் மீண்டும் தொடங்கிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவித்தார்கள். எல்லை வரியிலிருந்து விலக்கு கிடைக்கவில்லை. வேறு எந்த நாட்டுக்காவது இதில் தளர்வு தந்தால் அது இந்தியாவுக்கும் உண்டு என்ற உறுதி கிடைத்திருக்கிறது. இந்தியக் கார்பன் விலையையும் ஆலைகளின் உமிழ்வுக் கணக்கைச் சரிபார்க்கும் இந்திய நிறுவனங்களையும் ஏற்பது பற்றித் தொழில்நுட்ப அளவில் பேச இடம் கிடைத்திருக்கிறது. சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் வெளியிட்ட கூட்டறிக்கையில், இந்த வரியை நடைமுறைப்படுத்துவதில் கூடுதல் நெகிழ்வு காட்ட முயல்வதாக ஐரோப்பா எழுதிக் கொடுத்திருக்கிறது. அது உண்மையில் நடந்தால் நம் உறுதிமொழிக்கு உயிர் வரும். ஜெனீவாவில் பல ஆண்டுகள் வாதாடிக் கேட்க வேண்டியதை இங்கே ஒரு வாக்கியத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

இனி நம் சொந்த விலை. ஐரோப்பியச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, பொருள் உற்பத்தியான நாட்டில் உண்மையாகவே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. இங்கே கட்டினால் அங்கே அந்த அளவு கட்ட வேண்டாம். பணம் பிரஸ்ஸல்ஸுக்குப் போவதற்குப் பதில் நம் ஆலைகளை மாற்றியமைக்கப் பயன்படும். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, ஆனால் இதிலும் சிக்கல் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த வழியைப் பரிந்துரைப்பது சரியாகாது.

இந்தியாவின் கார்பன் வரவு வணிகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம் உள்ளிட்ட சில துறைகளுக்கு இலக்குகள் வந்தன. ஐரோப்பாவுக்கு நாம் அதிகம் அனுப்பும் எஃகு அந்த முதல் பட்டியலில் இல்லை. இன்னொன்று, நம் திட்டம் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு வைப்பதில்லை. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு என்று இலக்கு வைக்கிறது. இலக்கைத் தொட்ட ஆலை எதுவும் கட்டாது. எதுவும் கட்டாத ஆலைக்கு ஐரோப்பாவில் கழிக்க எதுவும் இல்லை! இலக்கைத் தவறவிட்ட ஆலைகூட, தவறிய பகுதிக்கு மட்டும்தான் கட்டும். ஆக, நம் திட்டம் இப்போதிருக்கும் வடிவில் ஐரோப்பிய பில்லைப் பெரிதாகக் குறைக்காது. நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் செஸ் இருந்தது. அதை ஒரு வகைக் கார்பன் விலையாகக் காட்டலாம் என்ற வாதமும் இருந்தது. 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தில் அந்த செஸ்ஸும் போய்விட்டது.

முழு எஃகுத் துறைக்கும் ஐரோப்பிய அளவில் விலை வைப்பது சரியான பதில் இல்லை. நாம் செய்யும் எஃகில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே வீடாகவும் பாலமாகவும் ஆகிறது. சிறு பங்கு ஏற்றுமதிக்காக எல்லாக் கம்பியின் விலையையும் ஏற்ற முடியாது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு மட்டும் ஏற்றுமதி வரி விதிக்கலாம் என்பார்கள். காட் ஒப்பந்தம் ஏற்றுமதி வரியைத் தடுப்பதில்லை. ஆனால் உமிழ்வைக் குறைக்கத் தூண்டாத, கப்பலேறும்போது மட்டும் பிடிக்கும் வரியைக் கார்பன் விலை என்று ஐரோப்பா ஏற்குமா என்பது பெரிய சந்தேகம்.

நான் சரியென்று நினைப்பது இடைப்பட்ட ஒன்று. எஃகைக் கார்பன் வணிகத் திட்டத்துக்குள் சீக்கிரம் கொண்டுவர வேண்டும். பெரிய ஆலைகளுக்குக் குறைந்த விலையில் ஆரம்பித்து, வெளியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கட்டணம் வைக்க வேண்டும். வரும் பணத்தை அதே துறையில் பழைய இரும்பு உருக்கும் உலைகளுக்கும் பசுமை மின்சாரத்துக்கும் திருப்பித் தர வேண்டும். எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வகுத்த பசுமை எஃகு வரையறையில், ஒரு டன் எஃகுக்கு உமிழ்வு 2.2 டன்னுக்குக் கீழே போனால்தான் பசுமைத் தரத்துக்கான நட்சத்திரம் கிடைக்கும். அந்த அளவுகோலையும் கட்டணத்தையும் இணைத்தால், ஐரோப்பா இல்லாவிட்டாலும் நமக்குத் தேவையான மாற்றம் நடக்கும். ஐரோப்பா கேட்பதற்காக மட்டும் செய்யும் எதையும் அடுத்த தேர்தலில் யாராவது ரத்து செய்துவிடுவார்கள்.

வழக்கை முழுதாகக் கைவிடச் சொல்லவில்லை. அதைக் குறுக்கி, கூர்மையாக வைத்துக்கொள்ளலாம். வரியே செல்லாது என்று வாதிட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். நாட்டுக்கு நாடு நிலைமை வேறு என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இறால் வழக்கில் சொன்னது நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். கட்டிய விலையை மட்டும் ஐரோப்பா கழிக்கிறது. ஒழுங்குமுறை வழியாக ஏற்கும் செலவைக் கழிப்பதில்லை. 2012 முதல் ஆலைகளின் ஆற்றல் செலவைக் குறைக்க இந்தியா கட்டாய இலக்குகள் வைத்து வருகிறது. குறிப்பிட்ட அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கிறது. இவற்றுக்கு ஆலைகள் உண்மையான பணம் செலவழித்திருக்கின்றன, உமிழ்வும் குறைந்திருக்கிறது. அதைப் பூஜ்யமாக மதிப்பது நியாயமற்ற பாரபட்சமா? இந்தக் கேள்வியை ஒரு நடுவர் குழு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. தொழில்நுட்பப் பேச்சில் இதை முதலில் வைக்க வேண்டும். அங்கே பதில் கிடைக்காவிட்டால் இந்த ஒற்றைப் புள்ளியில் வழக்கு.

சிறு ஏற்றுமதியாளர்களின் நிலையைத் தனியே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழே இறக்குமதி செய்பவருக்கு விலக்கு என்று 2025இல் திருத்தம் வந்தது. இங்கே பலர் அதைத் தங்களுக்கான விலக்கு என்று நினைக்கிறார்கள். அந்த 50 டன் ஐரோப்பிய இறக்குமதியாளரின் மொத்தக் கணக்கு. இங்கிருந்து ஐந்து டன் போல்ட் நட்டு அனுப்பினாலும், வாங்குபவர் பெரிய நிறுவனமென்றால் உமிழ்வுக் கணக்கு கேட்பார். 2025 டிசம்பரில், எஃகும் அலுமினியமும் அதிகம் சேரும் சுமார் 180 வகைப் பொருட்களுக்கு, இயந்திரங்கள் உட்பட, இதை விரிக்க ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. அது சட்டமானால் கோயம்புத்தூர், ஓசூர் பட்டறைகளும் தங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

2026இல் இறக்குமதியான சரக்குக்கான முதல் கணக்கை ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் 2027 செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டும். எந்த வழக்கும் அதற்குள் முடியாது. அதற்குள் நடக்கக்கூடியவை மூன்று: எஃகுக்கு இலக்கும் கட்டணமும் அறிவிப்பது, இந்தியச் சரிபார்ப்பு நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஏற்பு வாங்குவது, சிறு ஆலைகளின் சரிபார்ப்புச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பது. மூன்றாவதற்குப் பெரிய தொகை வேண்டாம், ஜெனீவாவின் அனுமதியும் வேண்டாம். அதை இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே செய்யலாம்.